டெங்கு ஜுரத்தில் இரத்தம் தரும் முன்னறிவிப்பு

டெங்கு ஜுரத்தின் இயல்புகளுள் மக்களைப் பெரிதும் ஏமாற்றுவது ஒன்றுண்டு. நோய் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உடற்சூடு தணிகிறது. நோய் தீர்ந்தது என்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். பெரும்பாலோர்க்கு அது மெய்யே. ஆனால் ஒரு சிலருக்கு அபாயம் தொடங்குவது அப்பொழுதுதான். 1963-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்நோய் இரத்தக் கசிவுடன் கூடிப் பரவியது. 1996-இல் தில்லியில் 10,000-க்கு மேற்பட்டோரைப் பீடித்தது. அபாயத்திற்கு உள்ளாகக்கூடியவரை இனங்கண்டுகொள்ள எளிய இரத்தச் சோதனைகள் பெரிதும் துணை செய்கின்றன.

அபாயத்திற்குக் காரணம் யாது? இரத்தம் வெளியே ஒழுகுவதே காரணம் எனப் பலர் எண்ணுவர். உண்மையில் முதன்மையான கேடு கண்ணுக்குப் புலனாகாதது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா மார்பறையிலும் வயிற்றறையிலும் கசிகிறது. குழாய்களுள் எஞ்சிய இரத்தம் அடர்த்தியடைகிறது; நாடி தளர்கிறது; கைகால்கள் குளிர்கின்றன. இக்கசிவு நீடிப்பது 24 முதல் 48 மணி நேரமே. அந்நேரத்தில் தக்க அளவில் நீர்மம் செலுத்தப்படின் நோயாளி பிழைப்பது பெரும்பாலும் உறுதி.

இரத்தக் குறிகள் ஓர் ஒழுங்கில் தோன்றுகின்றன. முதலில் வெள்ளையணுக்கள் குறைகின்றன. அடுத்து, ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,50,000-க்குக் குறையாதிருக்க வேண்டிய தட்டணுக்கள் 1,00,000-க்கும் கீழே விரைந்து இறங்குகின்றன. அதனுடன் ஹீமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் வகிக்கும் பங்கு, உயர்கிறது. தட்டணுக்கள் இறங்கவும் ஹீமட்டோக்ரிட் ஏறவும் காணின், கசிவு தொடங்கிவிட்டது எனக் கொள்ளல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறையும் இவ்விரண்டையும் சேர்த்தே எச்சரிக்கைக் குறியாக வகுத்துள்ளது.

ஹீமட்டோக்ரிட் தொடக்க அளவைவிட 20 சதவீதம் உயர்வது கசிவுக்குத் தெளிவான சான்று. 35 ஆக இருந்தது 42 ஆவது இத்தகைய உயர்வு. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இரத்தசோகை மிகுந்த நம் நாட்டில் ஒரு குழந்தையின் தொடக்க அளவு 30 ஆக இருக்கலாம். அது 36 ஆகும்போது தாளில் இயல்பான எண்ணாகவே தோன்றும். ஆயினும் அதுவும் 20 சதவீத உயர்வே. ஆகவே ஜுரத்தின் முதல் நாட்களிலேயே ஒரு சோதனை செய்து, அத்தாளைப் பத்திரப்படுத்தி, பின்வரும் சோதனைகளை அதனுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது. நாடி தளர்ந்திருக்கையில் ஹீமட்டோக்ரிட் திடீரெனத் தாழ்ந்தால், உள்ளே இரத்தப் போக்கு இருக்கக்கூடும் என ஐயுறல் வேண்டும்.

தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் கண்டு அஞ்சுதல் தகாது. எண்ணிக்கை குறைந்தும் இடரின்றித் தேறுவோர் பலர். இரத்தப் போக்கு இல்லாதபோது தட்டணுக்களை முன்கூட்டியே ஏற்றுவதால் நன்மை விளைவதாகத் தெளிவாகவில்லை. நோயை உறுதிசெய்யும் என்.எஸ்.1 சோதனையும் நோய் இன்னது என்று காட்டுமேயன்றி, அது கடுமையாகுமா என்பதைத் தானே தீர்மானிக்காது.

சோதனைச் சாலை தொலைவிலுள்ள ஊர்களில் பணியாளர் கண்ணால் காணும் குறிகளும் உள. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், சோர்வு அல்லது அமைதியின்மை, நான்கு முதல் ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகள் இரத்தப் போக்கைத் தூண்டுமாதலின் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

ஜுரம் தணிந்த மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப விழையும் பெற்றோரிடம், மேலும் இரு நாட்கள் வீட்டில் வைத்துக் கவனிக்குமாறு ஆசிரியர்கள் எடுத்துரைப்பது பெரும் உதவியாகும்.