தமிழ்ப் பாடத்துக்கும் வாய் வேண்டும்: கற்றல் செயலிகளில் நம் குழந்தைகளின் உரிமை

என் அக்கா மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். ஒருமுறை கேட்ட கதையை ஓர் இடம் விடாமல் திருப்பிச் சொல்லுவான். அதே கதையைப் புத்தகத்தில் காட்டினால் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். அவனுக்கு டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு இருப்பது சென்ற ஆண்டுதான் தெரியவந்தது. "எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது சித்தி" என்று அவன் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறான். நாங்கள்தான் சாக்கு என்று நினைத்தோம்.

பாடத்தைப் படித்துக் காட்டும் செயலி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினாள் அக்கா. "எல்லாப் பாடத்துக்கும் குரல் வசதி இருக்கு மேடம்" என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். அன்று இரவே சோதித்தோம். ஆங்கிலப் பாடத்தில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டதும் தெளிவான குரல் வந்தது. தமிழில் எழுதிய அறிவியல் பாடத்துக்குப் போய்த் தொட்டோம். கொஞ்சநேரம் மௌனம். பிறகு "ஒன்" என்றது. மறுபடி மௌனம். "டூ" என்றது. பாடத்திலிருந்த வரிசை எண்களை மட்டும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் தாண்டிப் போய்விட்டது. "தமிழ்ப் பாடத்துக்கு வாய் இல்லையா சித்தி?" என்று கேட்டான் பையன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன். பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

யாருக்கு இது தேவை?

பார்வையற்ற குழந்தைக்குத் திரையில் உள்ள எழுத்து, பொத்தான், படம் எல்லாவற்றையும் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பான் இல்லாமல் செயலிக்குள் நுழையவே முடியாது. பார்வைக் குறைவு உள்ள குழந்தைக்குப் பெரிய எழுத்தும், பின்னணியிலிருந்து எழுத்தைப் பளிச்சென்று பிரித்துக் காட்டும் நிறமும் வேண்டும். காது கேளாத குழந்தைக்குக் காணொளியின் கீழே எழுத்து ஓட வேண்டும். மூளை முடக்குவாதத்தாலோ ஆட்டிசத்தாலோ பேச்சு வராத குழந்தைக்கு, படத்தைத் தொட்டால் அதைக் குரலாக்கித் தரும் செயலியே வாய். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி இந்த வகையைச் சேர்ந்தது.

டிஸ்லெக்சியா உள்ள குழந்தையின் சிக்கல் வேறு. எழுத்துகளைக் கூட்டிச் சேர்ப்பதிலேயே அதன் சக்தி முழுதும் செலவாகிவிடுகிறது. வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. குரல் அந்தச் சுமையை இறக்கி வைக்கிறது. படிக்கும் சொல் திரையில் நிறம் மாறி ஒளிர்ந்தால், காது கேட்கும்போதே கண்ணும் கூடவே நடக்கும். நீர் எப்படி ஆவியாகிறது என்று புரிந்ததா என்பதுதான் அறிவியல் ஆசிரியரின் கேள்வி. அதற்கு விடை தெரிந்த பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பதற்காகத் தோற்கக் கூடாது.

"கேட்டுப் பழகினால் படிக்கச் சோம்பல் வந்துவிடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். எழுத்துப் பயிற்சியைச் சிறப்பாசிரியரிடம் விடாமல் தொடர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயிற்சி பலன் தரும்வரை மற்றப் பாடங்களைப் பட்டினி போடுவது நியாயமில்லை.

தமிழில் குரல் எங்கே தடுக்கிறது?

தமிழைப் படித்துக் காட்டும் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் தமிழ்க் குரல் உண்டு. கணினிக்கு 'என்விடிஏ' என்ற இலவசத் திரைவாசிப்பான் உண்டு. அதுவும் தமிழ் படிக்கும். சென்னை ஐஐடி போன்ற நிறுவனங்கள் இந்திய மொழிகளுக்கான குரல்களைப் பல ஆண்டுகளாக உருவாக்கி வருகின்றன. கோளாறு பெரும்பாலும் பாடத்தைத் தயாரிக்கும் விதத்தில் இருக்கிறது.

முதல் கோளாறு, பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பாடம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல் கணினிக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' தான். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் அடித்திருந்தால் 'அம்மா' என்றே சொல்லும்.

இரண்டாவது, பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பில் எழுத்து கிடையாது. எழுத்தின் புகைப்படம்தான் உண்டு. அங்கே குரல் ஊமையாகிவிடும். கணிதச் சமன்பாடுகளையும் வரைபடங்களையும் விளக்கம் எழுதாமல் படமாக ஒட்டினாலும் இதே கதிதான். பெயரிடாத பொத்தான்கள் நிறைந்த பக்கத்தில் பார்வையற்ற பிள்ளைக்கு "பட்டன், பட்டன், பட்டன்" என்பதே பாடமாகிவிடுகிறது.

மூன்றாவது, உச்சரிப்பு. தமிழில் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. 'குடம்' என்பதிலும் 'குணம்' என்பதிலும் முதலெழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. இரக்கத்தைக் குறிக்கும் 'பாவம்' வேறு, நாட்டியத்தில் முகம் காட்டும் 'பாவம்' வேறு. 'செ.மீ.' என்றால் சென்டிமீட்டர் என்று எந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டும். தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியர் உட்கார்ந்து கேட்டுத் திருத்தாத குரல், குழந்தைக்குப் பிழையைத்தான் கற்றுத்தரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசின் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும், குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது பிரிவு 16. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற மாணவருக்கு 18 வயது வரை புத்தகங்கள், கற்றல் பொருள்கள், உதவிக் கருவிகள் இலவசம் என்கிறது பிரிவு 17. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் எல்லோரும் அணுகும் வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்பது பிரிவு 42. மென்பொருள்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது.

அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் மற்றொரு தீர்ப்பில் சொன்னது.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு. "புத்தகத்தை ஒலிப்பதிவு செய்து கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வராதா?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பின், மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக லாப நோக்கமின்றி நூலை அவருக்கேற்ற வடிவத்துக்கு மாற்றலாம். இப்படி மாற்றிய நூல்களுக்கென்றே 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

ஆண்ட்ராய்டில் 'அக்சசபிலிட்டி' அனுமதி என்று ஒன்று உண்டு. திரையில் உள்ள அனைத்தையும் பார்க்கவும், நம் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் அது இடம் தருகிறது. திரைவாசிப்பானுக்கு அது அவசியம். வங்கிக் கணக்கைத் திருடும் போலிச் செயலிகள் குறிவைப்பதும் அதே அனுமதியைத்தான். பாடம் படித்துக் காட்டும் சாதாரணச் செயலிக்கு அது தேவையில்லை. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பை நிறுவி, அந்த அனுமதியைக் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோரின் செல்பேசியில்தான் பிள்ளையின் பாடமும் வீட்டின் பணமும் ஒன்றாக இருக்கின்றன.

குழந்தை வாசிப்பதைக் கேட்டு மதிப்பெண் போடும் செயலிகள் அதன் குரலைப் பதிவுசெய்கின்றன. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைப் பெற, சரிபார்க்கத்தக்க முறையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் அது தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தக் கடமைகளுக்கு நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதுவரை மைக் அனுமதியை யோசித்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

காதையும் கவனியுங்கள். குழந்தைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 75 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த பாதுகாப்பு அளவு. ஹெட்போனில் ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்ற விடாதீர்கள்.

வாங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை

1. ஒலிபெருக்கிக் குறியைத் தமிழ்ப் பாடத்தில், தமிழ் வினாவில், தமிழ் விடைகளில் தனித்தனியே தொட்டுப் பாருங்கள்.

2. எண், தேதி, 'கி.பி.', 'செ.மீ.' உள்ள ஒரு பத்தியைப் படிக்க விடுங்கள்.

3. ஆண்ட்ராய்டு செல்பேசியில் 'டாக்பேக்' என்ற திரைவாசிப்பானை இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரு பாடத்தைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

4. குரலின் வேகத்தைக் குறைக்கவும், எழுத்தைப் பெரிதாக்கவும், தேர்வில் ஓடும் கடிகாரத்தை நிறுத்தவும் முடிகிறதா?

5. சரி, தவறு என்பதைப் பச்சை, சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுகிறதா? நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு அது புரியாது.

விற்பவர் வாயால் சொல்லும் உறுதியை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

மறுத்தால் என்ன செய்வது?

பள்ளியென்றால் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். குழந்தையின் குறைபாடு, தேவைப்படும் வசதி, சட்டப் பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் போகலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. அதன்பிறகும் தீராவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

செயலி நிறுவனம் என்றால், சொன்ன வசதியைத் தராதது நுகர்வோர் புகாருக்குப் போதுமான காரணம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

தேர்வுக்கும் முன்கூட்டியே கேளுங்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைத் தேர்வுக்கு முந்தின நாள் போய்க் கேட்டால் கிடைக்காது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

அக்கா மகன் இப்போது செல்பேசியிலேயே இலவசமாக உள்ள 'செலக்ட் டு ஸ்பீக்' வசதியால் பாடம் கேட்கிறான். யூனிகோட்டில் உள்ள பாடங்களை அது படிக்கிறது. ஸ்கேன் செய்த பாடங்களை அக்கா படித்துப் பதிவுசெய்து வைக்கிறாள். காசு கொடுத்து வாங்கிய செயலி மீதான புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வேலைக்குப் போய்த் திரும்பி, இரவில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்ய எல்லா அம்மாக்களாலும் முடியாது. அது அவர்கள் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. பாடத்தைத் தயாரிப்பவர்களே, யூனிகோட்டில் தயாரியுங்கள். பள்ளிகளே, தமிழைப் படித்துக் காட்டும் செயலிகளை மட்டும் வாங்குங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு வேண்டியதைக் கேட்டு அந்த ஒரு பக்கக் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள்.