சட்டாம்பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

திருப்பூர்ப் பனியன் கம்பெனியின் ஒன்றரை ஷிப்ட் ஒரு குழந்தையின் மாலைப்பொழுதைத் தனிமையாக்கிவிடுகிறது. பள்ளி நாலு மணி வாக்கில் விட்டுவிடுகிறது. ஓவர்லாக் மிஷினிலும் செக்கிங் மேசையிலும் இருக்கும் அப்பா, அம்மா வீடு திரும்ப இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து பாடம் சொல்லித்தந்தால் குழந்தைக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வருகிற மாணவருக்கு என்ன லாபம் என்றுதான் நாம் கேட்பதே இல்லை. சேவை, புண்ணியம், மிஞ்சினால் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சான்றிதழ் என்று முடித்துக்கொள்கிறோம். அவருக்குக் கிடைக்கக்கூடியது இதைவிடப் பெரியது, அதுவும் படிப்பிலேயே கிடைக்கக்கூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்குச் சான்று பழையது, வலுவானதும்கூட. அமெரிக்க ஆய்வாளர்கள் கோஹன், குலிக், குலிக் மூவரும் 1982-இல், மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் திட்டங்களைப் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். சொல்லிக்கொடுத்தவரின் தேர்ச்சியையும் அளந்த ஆய்வுகள் 38. அவற்றில் 33-இல், சொல்லிக்கொடுத்த மாணவர்கள் அந்தப் பாடத்தில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். கணக்கில் பலன் கூடுதல். ஏன் என்று புரிந்துகொள்ள 52-இலிருந்து 27-ஐக் கழித்துப் பார்த்தால் போதும். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு" என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். "ஒண்ணுதானே வாங்கினோம், பன்னெண்டு எப்படி ஆச்சு?" என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவரும் ஒரு கணம் திகைப்பார். வாங்கியது ஒன்றல்ல, ஒரு பத்து. அதைப் பத்து ஒன்றுகளாக உடைத்தோம் என்ற விளக்கத்தை அப்போதுதான் அவரே தேடிப் பிடிக்கிறார். பின்னலில் விழுந்த ஓட்டை, துணியை விரித்து வெளிச்சத்தில் பார்க்கும்போதுதான் தெரியும். அறிவில் இருக்கும் ஓட்டையும் இன்னொருவருக்கு விளக்கப் போகும்போதுதான் தெரிகிறது.

திருப்பூரில் இந்த வாய்ப்பு இன்னும் பெரிது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளிகளில் தமிழ் எழுத்து படிக்கிறார்கள். இந்தியிலும் ஒடியாவிலும் நான்கு எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழில் 'க' ஒன்றுதான். பக்கம், பகல், தங்கம் மூன்றிலும் அது மூன்று விதமாக ஒலிப்பதைக் கவனித்து, ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்கும். இரட்டித்தால் ஓர் ஒலி, மெல்லின மெய்யை அடுத்து வந்தால் வேறோர் ஒலி என்ற ஒழுங்கைப் பிறந்தது முதல் பேசிவந்தும் நாம் யோசித்ததில்லை. தாய்மொழியின் இலக்கணத்தை வெளியிலிருந்து பார்க்க இதைவிட நல்ல வழி தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவருக்குக் கிடைக்காது.

எல்லாச் சொல்லிக்கொடுத்தலிலும் இந்த லாபம் கிடைத்துவிடுவதில்லை. ரோஸ்கோ, சீ என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக்குகிறது. இளம் பயிற்றுநர்கள் பெரும்பாலும் தெரிந்ததை ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதில் அவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. பிள்ளை ஆழமான கேள்வி கேட்டு, அதற்காக அவர்கள் மறுபடி யோசிக்கும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. இதை நம் மண்ணின் வரலாறே காட்டியிருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூர் ராணுவ அனாதை இல்லப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். நம் திண்ணைப் பள்ளியில் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவரான சட்டாம்பிள்ளைக்கு அது புதிய வேலையே அல்ல. பெல் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்ட பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்று உலகம் சுற்றியது. இங்கிலாந்தில் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தும் சிக்கன வழியாக அதை மாற்றிவிட்டார்கள். கேள்விக்கு இடமில்லாத ஒப்பித்தலில் சட்டாம்பிள்ளைக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆசிரியரை நியமிக்காமல் தன்னார்வலரை வைத்துச் சமாளிக்கும் தந்திரம் இது என்ற எதிர்ப்பு இந்த வரலாற்றிலிருந்துதான் வருகிறது. அது நியாயமான அச்சம். வகுப்பறைப் பொறுப்பு சம்பளம் வாங்கும் ஆசிரியருடையது. மாணவர் வரவேண்டியது அதற்குப் பிந்தைய மாலைக்கு. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அப்படித்தான் மாலையில் நடந்தது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கொரோனாவில் விட்டுப்போன கற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைக் கிராமப்புறத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீட்டதாகவும், அந்த மீட்பில் ஏறத்தாழ கால்பங்கு இந்தத் திட்டத்தால் வந்ததாகவும் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் குழுவின் ஆய்வு கண்டது. இளம் மாணவரின் லாபத்துக்காகக் குழந்தையைப் பரிசோதனைப் பொருளாக்குகிறோமா என்று கேட்பவர்களுக்கும் இதில் ஓரளவு பதில் உண்டு.

எனக்கு அதிகம் உறுத்தும் எதிர்ப்பு வேறு. இந்த ஊரில் கல்லூரி விட்டதும் பேக்கிங்குக்கும் பிசிர் வெட்டவும் போய்ப் படிப்புச் செலவைத் தேடிக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஒரு மாலைக் கூலியை விட்டுக்கொடு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் எப்படியும் தருகிறார்கள். ஊர்வலத்துக்கும் வளாகம் கூட்டவும் போகும் நேரத்தில் பாதியைச் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியும் இதற்கு ஒதுக்கலாம். ஒருவருக்கு மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஆண்டு முழுவதும் அதே பிள்ளைகள் இருக்கட்டும். பிள்ளை கேட்டுத் தன்னால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை மாணவர் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். மாதம் ஒருமுறை அவர் துறைப் பேராசிரியர் அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார வேண்டும். வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்தை விட்டுவிட்டு, இந்த நோட்டைப் பார்த்தே சான்றிதழ் தரட்டும்.