உங்களுக்குத் தெரியுமா? புது ஸ்கூட்டரோடு ஹெல்மெட்டும் உண்டு!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளியே இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் பெரிய துணை. 2018 பிப்ரவரி 24-இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், உழைக்கும் பெண்களுக்குப் பாதி விலையை, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தந்தது. நல்ல திட்டம், பின்னர் நின்றுபோனது.

நிற்காத உரிமை ஒன்று உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 138-இன்படி, புது இருசக்கர வண்டி வாங்கும்போதே ஹெல்மெட்டும் தர வேண்டும். ஷோரூமில் தயங்காமல் கேளுங்கள், ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஹெல்மெட்டோடு காப்பீட்டையும் கவனியுங்கள்: 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதம் அதில் அடங்காது.