மீட்ட பிறகும் ஓடிய செய்தி

2018 ஆகஸ்ட் மூன்றாவது வாரம், கேரளத்தில் பெருவெள்ளம். செங்கன்னூர், ஆறன்முளாப் பக்கம் மாடியில் சிக்கியவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன: வீட்டுப் பெயர், பக்கத்திலுள்ள கோயில் அல்லது பள்ளி, எத்தனை பேர், ஒரு கைபேசி எண். திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மாநிலம் முழுக்க 669 வள்ளங்கள். அவற்றால் கரைசேர்ந்தவர்கள் 65,000 பேர் என்கிறது அரசுக் கணக்கு.

வள்ளம் எந்தப் பக்கம் போவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. காலையில் முகாமுக்கு வந்துவிட்ட குடும்பத்தைக் காப்பாற்றச் சொல்லும் செய்தி, மாலையிலும் பத்து குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கும். அனுப்பியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. செய்தி உண்மைதான், அதன் நேரம் முடிந்துபோயிருந்தது.

இது வாட்ஸ்அப்பின் கட்டமைப்பிலேயே இருக்கும் குறை. ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்தால், அடுத்தவர் கைபேசியில் தனியாக ஒரு நகல் உருவாகிறது. முதலில் எழுதியவர் தன் செய்தியை அழித்தாலும் அந்த நகல்கள் அழியாது. ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்று அவர் எழுதினால் அது இன்னொரு புதிய செய்தி. பழையதைத் தேடிப்போய் அது திருத்தாது. நிறுவனத்தாலாவது தலையிட முடியுமா என்றால், 2016 ஏப்ரல் முதல் எல்லாச் செய்திகளும் அனுப்புபவர் கைபேசியில் பூட்டப்பட்டு, பெறுபவர் கைபேசியில்தான் திறக்கப்படுகின்றன. இடையிலுள்ள சர்வருக்கு உள்ளே இருப்பது தெரியாது. அந்தரங்கத்துக்கு அது நல்ல காவல். ஆனால் காலாவதியான செய்தியைக் கண்டுபிடித்து நிறுத்த அங்கே ஆள் கிடையாது.

பரவும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் 20 பேருக்கு அனுப்பினால் ஆறாவது சுற்றில் 6.4 கோடி நகல்கள்; 2011 கணக்கெடுப்பில் கேரளத்தின் மக்கள்தொகையே 3.34 கோடிதான். ஐந்து பேருக்கு என்றால் அதே ஆறாவது சுற்றில் 15,625. வதந்திகளால் நடந்த கும்பல் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஐந்து என்ற வரம்பை அறிவித்தது. அடுத்த மாதமே வெள்ளம். முல்லைப் பெரியாறு அணை உடையப்போகிறது என்ற பொய்க் குரல்பதிவு அந்த வரம்பையும் தாண்டிப் பரவியது. பல கைகள் மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கை செய்தியோடு ஒட்டிக்கொண்டு, பூட்டிய நிலையிலேயே பயணிக்கிறது. அதே வாசகத்தை நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இத்தனை ஏற்பாடும் வேகத்தைக் குறைக்கத்தான். முடிந்த செய்தியை முடிந்தது என்று சொல்ல வேறு ஒரு கருவி தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள மாநில ஐ.டி. மிஷன், ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் தன்னார்வ இளைஞர்களோடு சேர்ந்து, 2018 வெள்ளம் ஏறிக்கொண்டிருந்த நாட்களிலேயே ‘கேரளா ரெஸ்க்யூ’ என்ற இணையதளத்தை எழுப்பியது. நிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டதால், எங்கெங்கோ இருந்த நிரலாளர்கள் அதைச் செப்பனிட்டார்கள். உதவி கேட்பவர் இங்கே மாவட்டம், இடம், எண், தேவை என்று கட்டம் கட்டமாக நிரப்பினார். தன்னார்வலர்கள் அந்த எண்களை அழைத்துச் சரிபார்த்தார்கள்.

வெளித்தோற்றத்தில் இது சாதாரணப் படிவம்தான். வேறுபாடு உள்ளே இருக்கிறது. ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு பதிவு. எத்தனை பேர் பார்த்தாலும் எல்லோரும் பார்ப்பது அதே பதிவை. ஆஸ்பத்திரி டோக்கனைப் போல, முறை முடிந்தால் அந்த எண் மறுபடி கூப்பிடப்படாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தன்னார்வலர்கள் பொதுவில் திறந்துவைத்த கூகுள் அட்டவணைகள் செய்ததும் இதே வேலைதான். ஆனால் அங்கும் இங்கும் தண்ணீர் வந்த பிறகே வேலை தொடங்கியது.

புதிய செயலி ஒன்று வரும்போதெல்லாம் எத்தனை கோடிப் பேர் சேர்ந்தார்கள், எந்த நாட்டு நிறுவனம் என்பதுதான் செய்தியாகிறது. மழைக்காலத்துக்கு வேண்டிய கேள்வி வேறு: முடிந்துபோன ஒரு கோரிக்கையை அதில் மூட முடியுமா? முடியாது என்றால், உதவி கேட்டு வரும் செய்திகளைக் குரூப்பிலிருந்து எடுத்துப் பதிவேட்டில் ஏற்றும் ஏற்பாட்டை, ஒவ்வொரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையும் ஜூன் மாதத்துக்கு முன்பே செய்துவைத்து ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். நம் பங்குக்கு, உதவி கேட்டு எழுதும் செய்தியில் தேதியையும் நேரத்தையும் சேர்ப்போம். வந்த செய்தியை அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன் அதிலுள்ள எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்ப்போம்.