ஓட்டுக் காலத்து வம்பும் கண்காணிப்பாளர்களும்



முந்திய தேர்தல் ஒன்று முடிந்த பிறகு, கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா எங்களிடம் சொன்னார்: "யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சு, லயத்துக்கு வந்து அடிப்போம்னு சொன்னாங்க ஐயா. அதான் போகல்ல." அந்த வீட்டில் நாலு ஓட்டு. நாலும் விழவில்லை. ஒரு அடிகூட விழாமல் வன்முறை ஜெயித்துவிட்டது.

1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலோர் பிரஜாவுரிமையை இழந்தார்கள். அதோடு ஓட்டும் போனது. 1988, 2003-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை காத்திருந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. அப்படிக் கிடைத்த ஓட்டைப் பயத்துக்குக் கொடுக்கலாமா?

கண்காணிப்பாளர்கள் யார்?

இவர்கள் கட்சிக்காரர்களும் அல்ல, பொலிஸும் அல்ல. பொது மக்கள் அமைப்புகளின் தொண்டர்கள். பெப்ரல் அமைப்பு 1987-லும், தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் 1997-லும் தொடங்கின. சிலர் வாக்களிப்பு நிலையத்தில் இருப்பார்கள். சிலர் வாகனத்தில் சுற்றி வருவார்கள். யாரையும் பிடிக்க இவர்களுக்கு அதிகாரம் இல்லை. நடந்ததை விசாரித்து, எழுதி, தேர்தல் அதிகாரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் கொடுப்பார்கள்.

எழுதி என்ன பலன் என்று கேட்கலாம். 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் கள்ள ஓட்டும் அடிதடியும் மலிந்தன. கண்காணிப்பாளர்கள் அதை விவரமாக எழுதியதால்தான் மூடி மறைக்க முடியவில்லை. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. ஆனாலும் 2001 டிசம்பர் 5-ஆம் திகதி, தேர்தல் தினத்தன்று, கண்டி மாவட்டம் உடத்தலவின்னையில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். ஆகவே எழுதுவது மட்டும் போதாது. முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தல் அமைதியாக நடந்தது. அது தானாக வந்த அமைதி அல்ல.

எது வன்முறை?

அடிப்பதும் கொளுத்துவதும் மட்டும் அல்ல. மிரட்டுவது, அடையாள அட்டையைப் பறித்து வைப்பது, ஓட்டுப் போடப் போகாமல் வழி மறிப்பது, எல்லாமே குற்றம். ஓட்டுக்காகச் சாராயம், காசு கொடுப்பதும் குற்றம்.

நாம் செய்ய வேண்டியது

1. பயப்பட வேண்டாம். வாக்குச் சீட்டில் உங்கள் பெயர் கிடையாது. நீங்களும் அதில் பெயரோ கையெழுத்தோ போடாதீர்கள்.

2. "ஓட்டுப் போடப் போனா பேர் விழுமா?" என்று கேட்கிறீர்கள். பாராளுமன்றத் தேர்தல் சட்டப்படி, எழுத்தில் கேட்டால் சம்பளம் வெட்டாமல் குறைந்தது 4 மணி நேரம் லீவு தரவேண்டும்.

3. அடையாள அட்டை இல்லாதவர்கள் கடைசி நாள்வரை இராமல், இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.

4. வம்பு நடந்தால் நாள், நேரம், இடம், வாகன இலக்கம் எழுதி வையுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்; கேள்விப்பட்டதைச் சேர்க்க வேண்டாம். பொலிஸில் சொன்னால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கண்காணிப்பாளர்களிடமும் சொல்லுங்கள்.

5. பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பாதீர்கள். தேர்தல் ஒரு நாள். பக்கத்துக் காம்பராக்காரர் என்றைக்கும் பக்கத்தில்தான்.

அடுத்த தேர்தலில் அந்த அக்கா வீட்டு நாலு ஓட்டும் விழவேண்டும். அதற்கு லயத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து போவோம், சேர்ந்து வருவோம்.