மீன் பிடிப்போர் தலைக்கு நிழல்

அகத்தியமலையில் பிறந்து வரும் நெய்யாறு கடலோடு கலக்கும் இடம் பூவார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு கிடக்கிறது. ஆற்றில் வெள்ளம் பெருகினால் அது உடையும். நீர் வற்றினால் மீண்டும் அடைபடும். அம்முகத்தைப் பொழி என்பது அப்பகுதி வழக்கு. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே பாறசாலை முதல் பூவார் வரையுள்ள சிற்றூர்களில், ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிப்பதை இன்றும் கேட்கலாம்.

என் தாயார் பிறந்த ஊர் அது. தில்லியில் மொழிபெயர்ப்புப் பணியில் காலங்கழிக்கும் எனக்கு, ஆண்டுக்கு ஒருமுறை அங்குச் சென்று பொழிக்கரையில் தூண்டிலோடு அமர்வதே பெரிய இன்பம். ஒருமுறை செல்லும்போது, கடலுக்குப் போகும் என் தாய்மாமனுக்கென்று தில்லிக் கடைத்தெருவில் அகன்ற விளிம்புடைய வைக்கோல் தொப்பியொன்று வாங்கிச் சென்றேன். பார்வைக்கு அழகியது, விலையும் சிறிது மிகுதி. மாமா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மக்களே, இது கரையில இருக்கியவன் தொப்பி" என்றார். (எங்கள் பக்கத்தில் ஒருவரை அன்போடு அழைப்பதற்கும் 'மக்களே' என்பதே சொல்.) ஆயினும் என் மனம் நோகலாகாதென்று மறுநாள் அதை அணிந்தே படகேறினார். பொழிமுகம் தாண்டி இயந்திரத்தை முடுக்கிய மறுகணமே தொப்பி கடலுக்குப் போயிற்று. கரையிலிருந்து நானே பார்த்தேன்.

அன்று முதல் இப்பொருளைப் பற்றிச் சற்று ஆராய்ந்து வருகிறேன். மும்பையின் பவாய் ஏரிக்கரையில் விடுமுறை நாளில் தூண்டில் போடுவோரும், கொச்சியிலும் கோவாவிலும் குஜராத்தின் துறைகளிலும் ஆழ்கடல் தொழில் செய்யும் நம்மவரும், ஊரிலுள்ள தந்தைக்கோ தமையனுக்கோ ஒரு தொப்பி வாங்கி அனுப்ப எண்ணுவோரும் இதைக் கேட்டுப் பயன் பெறலாம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக் கொள்ளவேண்டும். "வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவர்களுக்குத் தொப்பி எதற்கு?" என்று கேட்போர் பலர். இக்கேள்வியில் பாதி நியாயம் உண்டு. தொப்பியைப் பற்றி மேனாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகளுள் பெரும்பாலானவை தோலில் தோன்றும் புற்றுநோயை மனத்திற்கொண்டு எழுந்தவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1981-இல் தொடங்கிய புகழ்பெற்ற பிரசாரமும் அத்தகையதே. கருந்தோலில் உள்ள நிறமி அந்நோயிலிருந்து நம்மைப் பெரிதும் காக்கிறது. ஆனால் கண்ணுக்குள் இருக்கும் வில்லைக்கு அவ்வகைக் கவசம் இல்லை. வெயிலின் வெம்மையால் உடலின் நீர் வற்றுவதும் தோலின் நிறம் பார்த்து நிகழ்வதன்று. ஆகவே நம்மவர் தொப்பி அணிய வேண்டுவது, முதலாவதாகக் கண்ணுக்காக, அடுத்தபடியாக வெம்மைக்காக.

கண்ணைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சீசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடித்து வாழும் 838 தொழிலாளரை மருத்துவர்கள் ஆராய்ந்து, அதன் முடிவை 1988-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் எத்தனை ஆண்டுகள், எந்த நேரங்களில் நீர்மேல் இருந்தார், தொப்பி அணிந்தாரா, கண்ணாடி அணிந்தாரா என்றெல்லாம் கேட்டு, அவர் கண் பெற்ற புற ஊதாக் கதிரின் அளவைக் கணக்கிட்டார்கள். அவ்வளவு இருமடங்கானால், விழிவில்லையின் புறப்பகுதியில் உண்டாகும் கண்புரைக்கான வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்று கண்டார்கள். வில்லையின் நடுப்பகுதியில் உண்டாகும் புரைக்கு இத்தொடர்பு காணப்படவில்லை என்பதையும் அவர்களே கூறியுள்ளனர். கண்புரை அனைத்துக்கும் வெயிலே காரணம் என்று நாமும் மிகைப்படுத்திச் சொல்லலாகாது. எனினும் 2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடந்த தேசிய ஆய்வில், 50 வயதைக் கடந்தோரிடையே பார்வையிழப்புக்குக் காரணமானவற்றுள் கண்புரையின் பங்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு என்று கண்டதை எண்ணும்போது, தவிர்க்கக்கூடிய சிறு பங்கையேனும் தவிர்ப்பது அறிவுடைமை அன்றோ? வெண்விழியிலிருந்து கருவிழியின்மேல் சதை படரும் நோயும் நீர்மேல் தொழில் செய்வோரிடம் மிகுதி. என் மாமாவின் இடக்கண்ணில் அது உண்டு. காற்றும் உப்பும் செய்த வேலை என்று அவர் நெடுநாள் நம்பியிருந்தார்.

இனி, பூவார்க் கரையின் அமைப்பைக் கவனியுங்கள். அது தென்மேற்கு நோக்கிய கரை. பிற்பகலில் வலையேற்றிக் கடலுக்குச் செல்வோர்க்கு மேற்கே சாயும் கதிரவன் முகத்துக்கு எதிரே நிற்கிறான். இரவெல்லாம் தொழில் செய்து காலையில் கரை நோக்கித் திரும்பும்போது, கிழக்கே எழுந்த கதிரவன் மறுபடியும் முகத்துக்கு எதிரே நிற்கிறான். போகும்போதும் வரும்போதும் வெயில் கண்ணிலேயே விழுமாறு அமைந்த தொழில் அது. அவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு எட்டு பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு கடைசி நாட்களை ஒட்டியும் நடுப்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறான். அவ்வேளையில் தலைதான் சுடும். கண்ணுக்குப் புருவ எலும்பே ஓரளவு நிழல் தந்துவிடும். சாய்ந்த வெயிலுக்கோ புருவம் போதாது. ஆகையால், உச்சிவேளைக்கு மட்டும் தொப்பி போதும் என்னும் எண்ணம் கண்ணைப் பொறுத்தமட்டில் பிழையாகும்.

வெயில் மேலிருந்து மட்டும் வருவதன்று. அமைதியான நீர் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திருப்பி எறியும். உலர்ந்த கடற்கரை மணல் நூற்றுக்குப் பதினைந்து அளவும், அலையின் நுரை நூற்றுக்கு இருபத்தைந்து அளவும் திருப்புகின்றன. எனவே நடுக்கடலில் நிற்பவனைக் காட்டிலும், நுரையின் ஓரத்தில் மணலில் நின்று மணிக்கணக்கில் கரமடி இழுப்பவனுக்குக் கீழிருந்து வரும் கதிர் மிகுதி. எத்தனை அகன்ற தொப்பியும் இக்கதிரைத் தடுக்காது. விளிம்பின் அடிப்புறம் கரும்பச்சையோ கருநீலமோ ஆக இருந்தால், அங்கே பட்டுக் கண்ணுக்குத் திரும்பும் ஒளி குறையும். வெள்ளை அடிப்புறம் கூசவைக்கும்.

பண்டைய தலையணிகள் இவற்றையெல்லாம் எவ்வாறு எதிர்கொண்டன? கேரளக் கரைகளிலும் வயல்களிலும் தொப்பிக்குடை என்றொன்று வழங்கிற்று. மூங்கிற் சிம்புகளின்மேல் ஓலையைப் பரப்பிக் கட்டிய, கைப்பிடியற்ற குடை அது. உள்ளே ஒரு வளையம் தலையைப் பற்றிக்கொள்ளும். அவ்வளையத்தால் ஓலைக்கும் உச்சந்தலைக்கும் நடுவே காற்று உலவ இடம் கிடைத்தது; இரு கைகளும் வேலைக்கு ஓய்ந்திருந்தன. கமுகம்பாளையை மடித்துத் தைத்த பாளைத் தொப்பியும் உண்டு. அது எடையற்றது, விளிம்பு சிறியது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, 19-ஆம் நூற்றாண்டில், கரைக்கும் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் இடையே கட்டுமரத்தில் சென்ற வலைஞர், ஓலை முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்து, அலையில் நனையாமல் கொண்டு சேர்த்தார்கள் என்று அக்கால வெள்ளையர் பலர் எழுதி வைத்திருக்கின்றனர். தலையோடு ஒட்டி நிற்கும் தொப்பி அலைக்கும் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வியட்நாமில் ஓலையால் செய்த கூம்புத் தொப்பி இன்றும் வழக்கிலுள்ளது. அதைத் தாடையின்கீழ் ஒரு துணி நாடாவால் கட்டிக் கொள்கின்றனர்.

நம் தென்கோடி மீனவரின் பொதுவான தலையணியோ துவர்த்துதான். (இச்சொல்லைப் பிற மாவட்டத்தாருக்குத் 'துண்டு' என்று மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம் எனக்கு ஏதோ இழந்தாற்போல் இருக்கும்.) துவர்த்தைத் தலையில் கட்டினால் காற்றில் பறக்காது, நனைத்துக் கட்டினால் நீர் ஆவியாகும்போது தலை குளிரும், வியர்வை துடைக்கவும், அவசரத்துக்குக் காயம் கட்டவும் உதவும். ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் அது நிழல் தருவதில்லை. மேலும், நனைந்த பருத்தித் துணி உலர்ந்த துணியைக் காட்டிலும் கதிரை மிகுதியாக உள்ளே விடும். மீன் சுமந்து விற்கச் செல்லும் பெண்களுக்குத் தலைமேல் இருக்கும் சருவமே குடையாகிவிடுகிறது. சுமை இறங்கியபின் சந்தை வெயிலில் அதுவும் இல்லை.

இன்றைய இளைஞர் விரும்பி அணிவது முன்புறம் மட்டும் நீண்ட விளிம்புடைய கேப். எதிர்வெயிலுக்கு அது நல்லதே. காதுகளையும் பிடரியையும் கன்னங்களின் பக்கவாட்டையும் அது முற்றிலும் கைவிடுகிறது. அதன்கீழ் துவர்த்தைத் தொங்கவிட்டு, காதுகளையும் பிடரியையும் மறைத்து, அதன்மேல் கேப்பை அழுத்தி வைத்தால் அக்குறை பெரிதும் நீங்கும். செலவு ஏதுமில்லாத இவ்வழியை நான் முதலில் சொல்வேன்.

புதிதாக வாங்குவோர் சுற்றிலும் விளிம்புடையதையே தேடவேண்டும். பெரியவர்களுக்கு விளிம்பு ஏழரை சென்டிமீட்டர் இருத்தல் நலம் என்பது ஆஸ்திரேலியர் கொண்ட அளவு. இவ்வகை விளிம்பு கண்ணைச் சேரும் கதிரை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும். எஞ்சிய பாதிக்குக் கண்ணாடிதான் துணை. இன்னும் அகன்ற விளிம்பு தூண்டிற்காரருக்குத் தகும். படகில் ஓடுவோர்க்குக் காற்றுப் பிடிக்கும் பாயாகிவிடும். துணியைக் கடையிலேயே வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், புற ஊதாக் கதிரும் அவ்வழியே வரும். நான் வாங்கிய வைக்கோல் தொப்பி இச்சோதனையிலும் தோற்றிருக்கும். மேற்புறத்துக்கு வெளிர்நிறம் வெம்மையைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆயினும் கடலுக்குச் செல்வோர்க்கு ஆரஞ்சும் அடர்மஞ்சளும் சாலச் சிறந்தவை. நீரில் விழுந்தவனின் தலை ஒன்றே வெளியே தெரியும். நீலக் கடலில் நீலத் தொப்பியை எவர் காண்பார்?

தாடைக்கயிறு இன்றியமையாதது; அதே வேளையில் அதுவே ஆபத்தும் ஆகலாம். படகு கவிழும்போதோ, வலைக்கயிற்றில் தொப்பி சிக்கும்போதோ, இறுக முடிந்த கயிறு கழுத்தை நெரிக்கும். வலித்து இழுத்தால் தானே விடுபடும் பூட்டோ உருவுமுடிச்சோ இருத்தல் வேண்டும்.

2025-இல் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புற ஊதாக் கதிரின் குறியீட்டை ஊர்வாரியாக நிறக் குறிப்புகளோடு வெளியிட்டு, காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நேர்வெயிலைத் தவிர்க்குமாறும், மீன் பிடிப்போர் தனிக் கவனம் கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டது. குறியீடு 11-ஐ எட்டினால் மிகக் கடுமை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பு. வலை விரித்தபின் வெயிலைத் தவிர்ப்பதெங்கே என்று மாமா சிரித்தார். அச்சிரிப்புக்கு என்னிடம் விடையில்லை, தொப்பிதான் இருந்தது.

இரண்டாம் முறை நான் கொண்டுசென்றது கெட்டித் துணியில் தைத்த ஆரஞ்சுத் தொப்பி, அடிப்புறம் கரும்பச்சை. கடைக்காரர் கொடுத்த தாடைநாடாவை மாமா அறுத்தெறிந்துவிட்டு, வலை பொத்தும் நைலான் நூலை முறுக்கி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சோடு தாமே கட்டிக்கொண்டார். உள்ளே துவர்த்தும் இருந்தது. பிற்பகல் மூன்றரை மணிக்குப் படகு பொழிமுகம் தாண்டிற்று. அலைகளுக்கு அப்பால் வெகுநேரம் அந்த ஆரஞ்சுப் புள்ளி தெரிந்துகொண்டிருந்தது.