ஹீட் கன் வாங்கிவிட்டீர்களா? கம்ப்யூட்டர் பக்கம் போகும் முன் படியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் அடுத்த ஆசை வந்துவிடும். கேபினட்டைத் திறந்து தூசி தட்ட வேண்டும், தொங்கும் வயர்களை ஒழுங்காகக் கட்ட வேண்டும், ரூட்டர் வைக்கச் சுவரில் ஒரு பலகை அடிக்க வேண்டும். இதற்கெல்லாம் உதவும் ஹீட் கன், ப்ளோயர், டிரில்லிங் மெஷின், பேட்டரியில் இயங்கும் ஸ்க்ரூ டிரைவர் ஆகியவை ஆன்லைனில் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பட்டறையில் மட்டும் இருந்தவை இப்போது வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டன.

நல்ல விஷயம்தான். என் மேஜையிலும் இவை இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தன் முன்னால் இருப்பது பழைய பெயிண்டா, லேப்டாப் பேட்டரியா என்று ஹீட் கன்னுக்குத் தெரியாது. எது எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு நம்மிடம்தான் இருக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஹேர் டிரையர் வேறு, ஹீட் கன் வேறு

பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உள்ளேயும் ஒரு ஹீட்டர் காயில், ஒரு ஃபேன், அவ்வளவுதான். ஆனால் ஹேர் டிரையரிலிருந்து வரும் காற்று தலைமுடியைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சுமார் 100 டிகிரிக்குள் நின்றுவிடும். ஹீட் கன் அப்படி அல்ல. சாதாரண மாடலிலேயே 500, 600 டிகிரி வரை போகும். (இந்தக் கட்டுரையில் டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.) காகிதம் தீப்பற்ற 230 டிகிரி அளவே போதும். அதாவது, தீக்குச்சி இல்லாமலேயே மேஜை மேல் கிடக்கும் பில்லைக் கொளுத்தக்கூடிய கருவி உங்கள் கையில் இருக்கிறது.

எனவே "ஹேர் டிரையரில் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், அதையே ஹீட் கன்னில் செய்து பார்க்காதீர்கள்.

எது எவ்வளவு சூடு தாங்கும்?

கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி, ஹீட் கன் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

* லேப்டாப், மொபைல் பேட்டரி (லித்தியம் அயான்): 60 டிகிரியைத் தாண்டவே கூடாது. சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.
* வயரின் சாதாரண பிவிசி உறை: 70 டிகிரி.
* மதர்போர்டில் டப்பா போல நிற்கும் கெப்பாசிட்டர்: 85 அல்லது 105 டிகிரி. அதன் மேலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும், கண்ணால் பார்க்கலாம்.
* மானிட்டர், கீபோர்டு போன்றவற்றின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்: 100 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும்.
* பழைய வகை ஈயப் பற்று: 183 டிகிரியில் உருகும்.
* ஈயம் கலக்காத இன்றைய பற்று: சுமார் 217 டிகிரியில் உருகும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஐரோப்பிய யூனியனில் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் உலகம் முழுவதும் பெரும்பாலான போர்டுகள் ஈயம் இல்லாத பற்றுக்கு மாறின. பற்றை உருக்க 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரோ 105 டிகிரிக்கு உரியது. பிளாஸ்டிக் கனெக்டர்கள் வேறு இருக்கின்றன. தொழிற்சாலையில் எத்தனை விநாடிக்கு எத்தனை டிகிரி என்று அளந்து செய்யும் வேலை அது. கையில் பிடித்த ஹீட் கன்னால் அந்த அளவைக் காப்பாற்ற முடியாது.

சூடாக்கினால் உயிர் வருமா?

டிஸ்ப்ளே வராத லேப்டாப்பின் மதர்போர்டைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் பல வருடங்களாக உலா வருகிறது. எங்கள் தெருவில் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவியின் லேப்டாப்புக்கு ஒரு கடையில் இந்த வைத்தியம் நடந்தது. டிஸ்ப்ளே வந்தது. பத்து நாள் ஓடியது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. இதற்குள் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்திருந்தது. பேட்டரியைக் கழற்றாமலேயே சூடாக்கியிருக்கிறார்கள், அது வீங்கிவிட்டது. புராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. வேறெங்கும் காப்பி இல்லை.

"சார், இன்னொரு தடவை சூடாக்கினால் ஒரு மணி நேரமாவது ஓடாதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேண்டாம்மா. உன் ஃபைல் மதர்போர்டில் இல்லை, எஸ்எஸ்டியில் இருக்கிறது" என்றேன்.

முதலில் வீங்கிய பேட்டரியை வளைக்காமல், குத்தாமல் எடுத்து, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் தனியே வைத்தேன். பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றி, அதற்கான யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் செருகினேன். ஃபைல்கள் அப்படியே இருந்தன. லேப்டாப் போனது போனதுதான், படிப்பு தப்பியது.

எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. சில மாடல்களில் எஸ்எஸ்டி கழற்ற முடியாதபடி மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கும். ரெக்கவரி கீ இல்லாமல் ஃபைல் திறக்காது. அந்தக் கீயை இன்றே குறித்து வையுங்கள்.

சரி, சூடாக்கியதும் ஏன் சிறிது நாள் ஓடுகிறது? ஒரு உதாரணம் சொல்கிறேன். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களில் சில வழக்கத்தை விட அதிகமாகப் பழுதாவதாக அறிவித்தது. அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பின் உள் பேக்கேஜில் பயன்படுத்திய பொருளின் பலவீனம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கோளாறு சிப்புக்குள் இருக்கும்போது வெளியே சூடு காட்டினால், விட்டுப்போன இணைப்பு விரிந்து சிறிது நேரம் தொட்டுக்கொள்ளும். மறுபடி சூடேறி ஆறும்போது விட்டுவிடும். காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்ட மாதிரிதான், நோய் உள்ளேயே இருக்கும்.

யாராவது இப்படிச் சூடாக்கி உங்கள் கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தால், நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை பேக்கப். படம் பார்ப்பது எல்லாம் அப்புறம்.

எந்த பிளக்கில் செருகுவது?

ஹீட் கன்னின் மேல் 1500, 1800 அல்லது 2000 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2000 வாட்ஸை 230ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். நம் சாதாரண சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. எனவே ஏசி, கீசர் செருகும் 16 ஆம்பியர் பாயிண்ட்டில்தான் ஹீட் கன்னைப் போட வேண்டும். முனை பொருந்தவில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரியான பிளக் டாப் மாட்டுங்கள்.

கம்ப்யூட்டர் செருகியிருக்கும் ஸ்பைக் பஸ்டரில் ஹீட் கன்னைச் செருகவே செருகாதீர்கள். வயர் சூடாகி உருகும். யுபிஎஸ்ஸில் போடுவது அதைவிட மோசம். வீட்டில் உள்ள 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது சுமார் 360 வாட்ஸ்தான். ஹீட் கன்னைப் போட்ட நொடியே ஓவர்லோடு ஆகிக் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் உடல் வழியாக எர்த்துக்குப் பாய்ந்தால் உடனே சப்ளையை நிறுத்தும் சாதனம் அது. கருவியின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போல ஒரு குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் செய்யப்பட்டது என்று பொருள். எர்த் பின் இல்லாமல் இரண்டு பின் மட்டும் இருப்பது அதனால்தான்.

ஹீட் கன் உண்மையில் உதவும் இடம்

கம்ப்யூட்டர் வேலையில் ஹீட் கன்னுக்கு ஒரு நல்ல பயன் உண்டு: ஷ்ரிங்க் ட்யூப். ஹெட்போன், ஸ்பீக்கர் வயர் போன்றவற்றை ஒட்டுப் போட்ட இடத்தில் இன்சுலேஷன் டேப்பை விட இது நன்றாகப் பிடிக்கும். 230 வோல்ட் பவர் கார்டு அறுந்தால் மட்டும் ஒட்டுப் போடாதீர்கள், புதிதாக வாங்கிவிடுங்கள்.

1. வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே எடுத்து வாருங்கள். பக்கத்தில் காகிதம், திரை, தின்னர், ஐசோபுரப்பைல் ஆல்கஹால் பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது. ஆல்கஹாலின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும்.
2. வயரை முறுக்கி இணைக்கும் முன்பே ட்யூபை உள்ளே நுழைத்துவிடுங்கள். 2:1 என்று போட்டிருந்தால் சூட்டில் பாதி விட்டத்துக்குச் சுருங்கும்.
3. குறைந்த சூட்டில் ஆரம்பியுங்கள். சாதாரண ட்யூப் 90 டிகிரியைத் தாண்டியதும் சுருங்கத் தொடங்கும்.
4. ஒரே இடத்தில் காட்டாமல் கன்னை ஆட்டிக்கொண்டே இருங்கள். ட்யூப் சுருங்கியதும் நிறுத்திவிடுங்கள்.
5. உடனே ஸ்விட்சை அணைக்காமல், சூடு இல்லாத காற்றை ஓரிரு நிமிடம் ஓட விடுங்கள். பிறகு மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தி வையுங்கள். அணைத்த பிறகும் முனை வெகுநேரம் சுடும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

மொபைல் டிஸ்ப்ளேயின் பசையை இளக்க ஹீட் கன்னை எடுக்க வேண்டாம். டிஸ்ப்ளேக்குப் பின்னால்தான் பேட்டரி இருக்கிறது. அந்த வேலையை அளந்து சூடாக்கும் பிளேட் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

ப்ளோயரில் தூசி தட்டும்போது

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பவர் கார்டையே பிடுங்கிவிட்டு, கேபினட்டைப் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு செல்லுங்கள். மூக்கில் மாஸ்க் போடுங்கள். காற்று அடிக்கும்போது கேபினட் ஃபேனையும் பிராசசர் ஃபேனையும் சுற்ற விடாமல் ஒரு பென்சிலால் தடுத்துப் பிடியுங்கள். ப்ளோயரின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையை போர்டுக்கு அருகே கொண்டு போகாதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்பைப் பாதிக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியிலிருந்து காற்று அடித்தால் போதும். அதன் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும்.

டிரில்லிங் மெஷினும் ஸ்க்ரூ டிரைவரும்

கூடுதல் ஃபேன் மாட்டக் கேபினட்டில் ஓட்டை போட வேண்டுமானால், உள்ளே உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காலிப் பெட்டியில்தான் போட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று மதர்போர்டில் விழுந்தாலே ஷார்ட் ஆகிவிடும். சுவரில் துளை போடும்போது, ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ போடாதீர்கள். உள்ளே வயர் ஓடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கண்ணாடி அணியுங்கள். ஆனால் டிரில்லிங் மெஷினுக்குத் துணிக் கையுறை கூடாது. சுற்றும் பிட்டில் மாட்டினால் கையையே இழுக்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, நீண்ட கூந்தல், ஐடி கார்டு கயிறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பேட்டரி ஸ்க்ரூ டிரைவரைக் கழற்ற மட்டும் பயன்படுத்தி, மாட்டும்போது கடைசிச் சுற்றைக் கையால் முறுக்குவது நல்லது. ஹார்ட் டிஸ்க் ஸ்க்ரூவும் டிவிடி டிரைவ் ஸ்க்ரூவும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் மரை வேறு. மாற்றிப் போட்டு மெஷினால் முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

கையில் சுட்டுவிட்டால்

உடனே குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதையும் வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ, ஷாக் அடித்திருந்தாலோ டாக்டரிடம் செல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் ஃபைல்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, அதன்பின் கருவிப் பெட்டியைத் திறவுங்கள். மெஷின் போனால் கடையில் வாங்கலாம். ஃபைல் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.